டுசெல்: ஒரு சிற்றாறும் அதன் இல்லாத பள்ளத்தாக்கும்

ஜெர்மனியின் ஆறு என்றவுடன் இலக்கிய வாசகர் மனத்தில் எழுவது ரைன் ஒன்றே. அதன் கரைப் பாறைகளும், இடிந்த கோட்டைகளும், திராட்சைத் தோட்டங்களும் ஐரோப்பியக் கவிதையில் இடம்பெற்ற அளவுக்கு வேறெந்த ஆற்றின் கரையும் இடம்பெற்றதில்லை எனலாம். அந்த ரைனின் வலக்கரையில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரம் ஒன்று உள்ளது. அதன் பெயர் டுசெல்டோர்ஃப். பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'டுசெல் ஆற்றங்கரைச் சிற்றூர்' என்பது பொருள். பேராறு காலடியில் ஓடியும், ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு சிற்றாறுதான். 'டோர்ஃப்' என்றால் கிராமம். 1288ஆம் ஆண்டிலேயே நகர உரிமை பெற்றுவிட்ட ஊர் இன்றுவரை தன்னைக் கிராமம் என்றே சொல்லிக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கை. பெயர் தந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று அந்நகரின் மையத்தில் நின்று தேடினால் எளிதில் கண்ணில் படாது என்பது இன்னொரு வேடிக்கை. இரண்டாவது வேடிக்கை நமக்குச் சிரிப்பைத் தருவதில்லை.

இலக்கியம் பேராறுகளுக்குக் காட்டிய பரிவைச் சிற்றாறுகளுக்குக் காட்டவில்லை என்பதும், அந்தப் பாராமுகத்துக்கு மண்ணும் பாறையுமே விலை கொடுத்திருக்கின்றன என்பதும் நம் கருத்து. இதைப் பொதுப்படச் சொன்னால் எவரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவர். ஆகவே டுசெலின் போக்கிலேயே நடந்து சென்று பேசுவோம்.

மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர்தான் இதன் நீளம். நல்ல நடைக்காரர் இரண்டு நாளில் ஊற்றிலிருந்து சங்கமம் வரை நடந்துவிடலாம். வுல்ஃப்ராத் என்னும் ஊரையொட்டிய மேட்டு நிலத்தில், புல்வெளிக்கும் வயலுக்கும் இடையே தோன்றி, சுமார் 200 மீட்டர் இறங்கி ரைனை அடைகிறது. தொடக்கத்தில் ஒரு தாவில் தாண்டிவிடக்கூடிய ஓடை அது. 'டுசெல்' என்னும் சொல் இரைச்சலைக் குறிக்கும் பழஞ்செர்மானிய வேரிலிருந்து வந்தது என்பர் சொல்லாய்வாளர். இரைந்து ஓடும் நீர் என்று கொள்ளலாம். பெயர் வைத்தவர்கள் அதனைக் கண்ணால் காணுமுன் காதால் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அடர்ந்த காட்டில் சிற்றாறு முதலில் ஒலியாகத்தானே அறிமுகமாகும்.

ஆற்றின் பெயரையே தாங்கிய டுசெல் என்னும் சிற்றூரைக் கடந்து, மரச்சட்டங்களுக்கு இடையே சுவரெழுப்பிய பழைய வீடுகள் நிற்கும் குரூட்டன் கிராமத்தை அது அடைகிறது. இப்பகுதி முழுவதும் காலுக்கடியில் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் எனப்படும் காலத்தில், இந்நிலம் வெப்பக் கடலின் அடியில் கிடந்தது. பவளம் முதலிய கடலுயிர்கள் கட்டியெழுப்பிய திட்டுகளே இன்றைய பாறைகள். மழைநீரும் ஆற்றுநீரும் சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைத்ததால் குகைகள் உண்டாயின. கரையோரத்தில் பீச் மரங்கள். நீரையொட்டி ஆல்டர் மரங்கள். மரங்கள் இலைவிடுவதற்கு முன்னர், வெயில் தரைவரை இறங்கும் அந்தச் சில வாரங்களில், காட்டின் அடித்தளத்தில் அனிமோன் வெண்மலர்கள் பரவிக் கிடக்கும். மேலே இலை மூடியதும் அவை ஒடுங்கிவிடும். நீர்மேல் மீன்கொத்தியும், கற்களின்மேல் வாலாட்டிக் குருவியும் உண்டு. இவை எதுவும் உலக அதிசயமல்ல. மேற்கு ஜெர்மனியின் குன்றுநிலச் சிற்றாறு எதிலும் காணக்கூடியவையே. டுசெலின் அதிசயம் இதற்கடுத்த ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. 'இருந்தது' என்ற இறந்தகாலத்தைத் தெரிந்தேதான் எழுதுகிறோம்.

எர்க்ராத், மெட்மன் ஆகிய ஊர்களுக்கு இடையே ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு போன இடத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு இருந்தது. இரு புறமும் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்துச் சுவர்கள், இடையிடையே சிற்றருவிகள், சுவர்களில் குகைகள். ஊரார் அவற்றுக்கெல்லாம் பெயர் சூட்டியிருந்தனர். ஒன்று தேவதூதர் அறை, ஒன்று பிசாசின் அறை. துருத்தி நின்ற ஒரு பாறைக்குப் பிரசங்க மேடை என்று பெயர். ஒரு சிறு பள்ளத்தாக்கில் இறையியல் முழுவதையும் அடக்கிவிட்டார்கள். பள்ளத்தாக்குக்கோ பெரிய பெயர் எதுவும் இல்லை. 'பாறைகள்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார்கள். 'நாய்ப்பாறை' என்னும் வழக்கும் உண்டு. அவ்வளவுதான்.

இங்குதான் ஒரு கவிஞர் வருகிறார். பிரேமன் நகரில் 1650இல் பிறந்த யோவாக்கிம் நியாண்டர், 1674 முதல் 1679 வரை டுசெல்டோர்ஃபில் சீர்திருத்தத் திருச்சபையினரின் இலத்தீன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். திருச்சபை மேலிடத்தோடு அவருக்குப் பிணக்கும் இருந்தது. தனிக்கூட்டங்கள் நடத்தினார் என்ற குற்றச்சாட்டில் சிறிது காலம் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். ஊருக்குள் மனம் ஒட்டாதவர் டுசெலின் பாறைகளுக்கிடையே சென்று அமர்ந்ததும், அங்கே பக்திப் பாடல்கள் உருவானதும் மரபுச் செய்தி. 1680இல், முப்பது வயதில், அவர் இறந்துபோனார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய துதிப்பாடல் ஒன்று இன்றும் உலகெங்கும் பல மொழித் தேவாலயங்களில் பாடப்படுகிறது. 1725இல் பாக் அதனை அடிப்படையாக வைத்து ஒரு கான்டாட்டா இயற்றினார். பிற்காலத்தில் மக்கள் முதலில் ஒரு குகைக்கும், பின்னர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பள்ளத்தாக்குக்குமே அவர் பெயரைச் சூட்டினர். ஜெர்மனில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. நியாண்டர்தால் பிறந்தது இப்படித்தான்.

பெயரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அக்குடும்பத்தின் பழைய பெயர் நாய்மன். 'புதிய மனிதன்' என்று பொருள். அக்காலப் படித்தோர் வழக்கத்தையொட்டிக் கவிஞரின் பாட்டனார் அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்து நியாண்டர் ஆக்கிக்கொண்டார். வேதாசலம் மறைமலையான கதையை அறிந்த நமக்கு இந்த மனநிலை புரியாததல்ல. ஆக, உலகின் மிகப் புகழ்பெற்ற பழைய மனிதனுக்குப் 'புதுமனிதன் பள்ளத்தாக்கு' என்னும் பெயர் வாய்த்தது. எந்தப் புனைகதையாசிரியரும் துணிந்து எழுதமாட்டார். எழுதினால் செயற்கை என்று நாமே குறை சொல்வோம்.

பக்திக் கவிஞருக்குப் பின் ஓவியர் வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டுசெல்டோர்ஃப் கலைக்கழகம் ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்தது. இயற்கைக் காட்சிகளை வெளியில் சென்று கண்டு வரைவதில் அங்குள்ளோர் ஊக்கம் காட்டினர். நகரிலிருந்து சில மணி நேர நடையில் இப்படியொரு பள்ளத்தாக்கு இருக்கையில் விடுவார்களா? வரைந்தார்கள், பாடினார்கள், விழாக்களும் கொண்டாடினார்கள். 1835இல் போங்கார்ட் என்பவர் நியாண்டர் குகைக்குச் செல்லும் வழியை வருணித்துப் படங்களுடன் ஒரு சிறு நூலே வெளியிட்டார். 1838இல் டுசெல்டோர்ஃபிலிருந்து எர்க்ராத் வரை இரயில் ஓடத் தொடங்கியதும் உல்லாசப் பயணிகளும் பெருகினர்.

அதே இரயில்தான் குவாரியையும் கொண்டுவந்தது. இரும்பைத் தாதுவிலிருந்து உருக்கியெடுக்கச் சுண்ணாம்புக்கல் தேவை; தாதுவிலுள்ள கசடுகளைப் பற்றிக்கொண்டு தனியே பிரிப்பது அதுதான். அருகிலேயே இரும்பாலைகள் பெருகிவந்தன. கட்டடங்களுக்கும் கல் தேவைப்பட்டது. கொண்டுசெல்ல இரயிலும் வந்துவிட்டது. 1849 வாக்கில் பெரிய அளவில் பாறை உடைக்கும் வேலை தொடங்கியது. 1854இல் இதற்கெனவே ஒரு பங்கு நிறுவனம் உருவானது. நூற்றாண்டு முடிவதற்குள் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி இல்லை. நியாண்டர் பெயரைத் தாங்கிய குகை இல்லை. தேவதூதர் அறையும் இல்லை. பிசாசின் அறையும் இல்லை. ஓரத்திலிருந்த காக்கைப்பாறை போன்ற ஒன்றிரண்டு எச்சங்கள் மட்டும் நின்றன. போங்கார்டின் நூலும் ஓவியர்களின் படங்களும் இன்று அப்பள்ளத்தாக்கின் உருவத்தை ஊகிக்க உதவும் ஆவணங்கள். வருணனையாகத் தொடங்கியவை நடுகற்களாக முடிந்தன.

இக்காலமே இப்படித்தான், தொழிற்புரட்சியின் வேகத்தில் எவரும் எதையும் காத்திருக்க முடியாது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது உண்மையன்று. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தெற்கே, ரைன் கரையில், டிராக்கன்ஃபெல்ஸ் என்னும் பாறைக்குன்று உள்ளது. அதன் உச்சியில் ஓர் இடிந்த கோட்டை. அங்கும் கல் உடைத்தார்கள். கோட்டையே சரியும் நிலை வந்தது. பைரன் பாடிய குன்றல்லவா? கூக்குரல் எழுந்தது. 1836இல் பிரஷ்ய அரசு அக்குன்றின் உச்சியை விலைகொடுத்து வாங்கிக் கல்லுடைப்பை நிறுத்தியது. ஜெர்மனியின் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றை இந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோர் உண்டு. 1815 முதல் ரைன் கரையையும் டுசெல் கரையையும் ஆண்டது அதே பிரஷ்ய அரசுதான். அங்கே வாங்கிக் காப்பாற்றிய பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் இங்கே வெடிவைக்க விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு என்ன? டிராக்கன்ஃபெல்ஸ் பேராற்றங்கரையில் நின்றது. தேசத்தின் கற்பனையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. டுசெலின் பாறைகள் உள்ளூர்க் கலைஞர்களின் ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியாக மட்டுமே இருந்தன.

1850 இலையுதிர் காலத்தில் இசைமேதை ராபர்ட் ஷூமன் டுசெல்டோர்ஃபில் குடியேறினார். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் எழுதி முடித்த சிம்பொனிக்கு 'ரைன்லாந்து' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அருமையான படைப்பு, அதில் குறை காண நாம் யார்? ஆனாலும் அவர் அதை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், அந்நகருக்குப் பெயர் தந்த ஆற்றின் கரையில், பாறைகள் பிளந்துகொண்டிருந்தன என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி, எல்லோருக்கும் தெரிந்த பகுதி. ஆயினும் அதன் விவரங்களை நுணுகிப் பார்த்தாக வேண்டும். நம் வாதத்துக்கு எதிரான வலுவான வாதம் அதற்குள்தான் இருக்கிறது.

1856 ஆகஸ்டில், ஆற்றுக்கு மேலே சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருந்த சிறிய ஃபெல்ட்ஹோஃபர் குகையைத் தொழிலாளர்கள் துப்புரவு செய்தனர். சுண்ணாம்புக்கல்லோடு களிமண் கலந்தால் சரக்கு கெட்டுவிடும். ஆகவே குகைத் தரையின் இறுகிய களிமண்ணை வெட்டிக் கீழே பள்ளத்தாக்கில் தள்ளினார்கள். மண்ணோடு எலும்புகளும் விழுந்தன. குவாரி உரிமையாளர்கள் அவற்றைக் கண்டு குகைக்கரடியின் எலும்புகள் என்று எண்ணினர்; பெரியவற்றில் சிலவற்றைப் பொறுக்கி வைக்கச் செய்தனர். எல்பர்ஃபெல்டில் இயற்கையியல் கற்பித்த பள்ளி ஆசிரியர் யோஹான் கார்ல் ஃபுல்ராட்டுக்குச் சொல்லியனுப்பினர். தடித்த புருவமேட்டோடு கூடிய மண்டையோட்டின் மேற்பகுதி, தொடை எலும்புகள், கை எலும்புகள் என்று 16 துண்டுகள். இவை கரடியுடையவை அல்ல, பழங்காலத்து வேறுவகை மனிதனுடையவை என்று அந்த ஆசிரியர் உணர்ந்தார். டார்வினின் நூல் வெளிவர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

1857இல் பான் நகர உடலியல் அறிஞர் ஷாஃப்ஹவுசனும் ஃபுல்ராட்டும் அறிஞர் அவையில் இதனை வெளியிட்டபோது கிடைத்த வரவேற்பு பெரிதல்ல. மாயர் என்னும் பேராசிரியர், 1814இல் நெப்போலியனைத் துரத்தி வந்த ரஷ்யப் படையின் கோசாக் குதிரைவீரன் ஒருவன் குகைக்குள் ஒதுங்கி இறந்திருப்பான் என்றார். கால் எலும்பின் வளைவு குதிரையேற்றத்தால் வந்ததாம்! விர்கோ போன்ற பேரறிஞரும் 1872இல் இது நோயால் உருமாறிய எலும்பு என்றே தீர்ப்பளித்தார். இதற்கிடையே, 1864இல், அயர்லாந்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் கிங் இதனைத் தனி இனமாகக் கொண்டு ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ் என்று பெயரிட்டுவிட்டார். ஒரு துதிப்பாடல் கவிஞரின் பெயர் அறிவியலுக்குள் நுழைந்தது.

எதிர்வாதம் இதுதான்: குவாரி இல்லாவிட்டால் இந்த எலும்புகள் கிடைத்திருக்குமா? பள்ளத்தாக்கு அழிந்தது என்று புலம்புகிறீர்களே, அழிவுதானே மனிதகுலத்துக்குத் தன் மூதுறவினனை அறிமுகப்படுத்தியது? கேட்பதற்கு மறுக்க முடியாததுபோல் தோன்றும் வாதம். நம்மிடையேயும் படித்தவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நாம் ஏற்கவில்லை. குவாரி எலும்புகளைக் கண்டுபிடிக்கவில்லை, தூக்கியெறிந்தது. காப்பாற்றியவை உரிமையாளர் ஒருவரின் தற்செயலான பார்வையும் ஓர் ஆசிரியரின் கண்ணுமே. எறிந்த வேகத்தில் அறிவியல் இழந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். எலும்பு எந்த மண் அடுக்கில் கிடந்தது, அதனோடு எந்த விலங்கின் எலும்பு இருந்தது, எத்தகைய கற்கருவி இருந்தது என்பவைதாம் அதன் வயதைச் சொல்பவை. அவை அத்தனையும் சிதறிப்போயின. கோசாக் வீரன் கதையைச் சொல்லும் துணிவு ஒரு பேராசிரியருக்கு வந்ததே அடுக்குச் சான்று இல்லாமையால்தான். விரைவில் குகையே மறைந்தது. குகை இருந்த இடம் எதுவென்பதும் மறந்தது. உலகமே அறிந்த பெயருக்கு உரிய இடம் எதுவென்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாராலும் சுட்ட முடியவில்லை.

1997இல் ரால்ஃப் ஷ்மிட்ஸ், யூர்கன் டிஸ்ஸன் என்னும் இரு தொல்லியலாளர்கள் பழைய ஆவணங்களையும் படங்களையும் ஆராய்ந்து, குகையிலிருந்து தள்ளப்பட்ட மண் எங்கே கிடக்க வேண்டும் என்று கணித்துத் தோண்டினர். கிடைத்தது. 1997இலும் 2000இலும் நடந்த அகழாய்வுகளில் கற்கருவிகளும் எலும்புத் துண்டுகளும் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 1856இல் கிடைத்த தொடை எலும்போடு உடைந்த இடத்தில் அப்படியே பொருந்தியது. முகத்தின் எலும்புத் துண்டும் மண்டையோட்டோடு சேர்ந்தது. இரண்டாவது ஒருவரின் எலும்புகளும் இருந்தன. வயது ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் என்பது அதன் பின்னரே உறுதியாயிற்று. 1856இல் ஒரு வாரம் பொறுமையாகத் தோண்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை அடைய 144 ஆண்டுகள் ஆயின. அழிவு அறிமுகப்படுத்தியது என்று சொல்வோர் இக்கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இதே 1997இல்தான் அவ்வெலும்பிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்துப் படித்தனர். 2010இல் ஸ்வாண்டே பாபோ குழுவினர் நியாண்டர்தால் மரபணுத்தொகையின் முதல் வரைவை வெளியிட்டனர்; அவருக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது என்பது இன்று தெளிவு. இதை வாசிக்கும் நம் உடலிலும் அந்தப் பங்கு இருக்கிறது. டுசெல் நமக்கு அந்நிய ஆறு என்று எவரேனும் சொன்னால் இதைச் சொல்லிக்கொள்ளலாம். சற்று மிகைதான் என்றாலும்.

1921இல் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் முதற்காப்பிடங்களுள் இதுவும் ஒன்று என்று பெருமையாகக் குறிப்பிடுவர். காக்க வேண்டியது போன பிறகு வந்த காப்பு. 1935இல் அங்கே பனியுகக் காலத்து விலங்குகளுக்கென ஒரு வேலிக்காடு அமைத்தனர். ஐரோப்பியக் காட்டெருமை உண்மையானது. அருகே மேயும் ஆரோக் மாடோ, 1627இல் போலந்தில் அற்றுப்போன இனத்தின் சாயலை வளர்ப்பு மாடுகளிலிருந்து கலப்பினால் மீட்டெடுத்த நகல். 1996இல் நல்லதோர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குவாரி விட்டுச்சென்ற சரிவுகளில் மரங்கள் மீண்டும் வளர்ந்திருக்கின்றன. அறியாதவர் கண்ணுக்கு இது அமைதியான, அழகான பசுமைப் பள்ளத்தாக்கு. இங்கே செங்குத்துச் சுவர்கள் இருந்தன என்று சொன்னால் நம்பமாட்டார்.

அந்த நம்பாமையைப் போக்கத்தானோ என்னவோ, 2022இல் அகழாய்வு நடந்த இடத்தில் ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். ஏறினால், குகை இருந்த அதே உயரத்தில் நிற்கலாம். பாறை இல்லை, குகை இல்லை, சுவர் இல்லை; உயரம் மட்டும் இருக்கிறது. வெற்றிடத்துக்கு எழுப்பிய நினைவுச்சின்னங்களில் இதைவிட நேர்மையானது வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. கட்டியவர்களைப் பாராட்டுகிறோம்.

பள்ளத்தாக்கைத் தாண்டிய டுசெலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், நகரமும் அதைச் சுருக்கமாகத்தான் நடத்தியிருக்கிறது. எர்க்ராத்தைக் கடந்து சமவெளியில் இறங்கி, கெரஸ்ஹைம் அருகே வடக்கு டுசெல், தெற்கு டுசெல் என இரண்டாகப் பிரிகிறது. வடக்கிலிருந்து ஒரு கிளை கைசர்ஸ்வெர்த் பக்கமாகவும், தெற்கிலிருந்து ஒரு கிளை நகரின் தென்கோடியிலும் வெள்ளநீரைக் கொண்டுசெல்கின்றன. ஆக நாற்பது கிலோமீட்டர் ஆற்றுக்கு நான்கு சங்கமங்கள். கோட்டை அகழிக்கும், ஆலைகளுக்கும், பின்னர் பூங்காக் குளங்களுக்கும் நீர் வேண்டி மனிதர் இழுத்த இழுப்பு இது. விலையுயர்ந்த கடைகளுக்குப் பேர்போன கோனிக்ஸாலே வீதியின் நடுவே ஓடும் அலங்கார வாய்க்காலில் இருப்பதும் டுசெலின் நீரே. கடைவீதிக்கு வருவோரில் எத்தனை பேர் அதை ஆறென்று அறிவர்? பழைய நகரப் பகுதிக்குள் அது பெரும்பாலும் தெருவுக்கு அடியில் மூடப்பட்டுவிட்டது. ஒருசில இடங்களில் மட்டும் சுவர்களுக்கிடையே தலைகாட்டும்.

அந்தச் சுவர்களை இலக்கியம் ஒருமுறை கவனித்திருக்கிறது. டுசெல்டோர்ஃபில் 1797இல் பிறந்த ஹைன்ரிக் ஹைனே, 1827இல் வெளிவந்த தம் பயணச் சித்திரங்களின் இரண்டாம் தொகுதியில் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்கிறார். துறவிமடத்துப் பள்ளியின் பக்கத்தில் கற்சுவர்களுக்கிடையே டுசெல் ஓடுகிறது. பூனைக்குட்டி ஒன்று நீரில் விழுகிறது. அதை எடு என்று இவர் சொல்ல, வில்ஹெல்ம் என்னும் தோழன் குறுக்கே கிடந்த பலகைமேல் ஏறிக் குட்டியை எடுத்துவிடுகிறான். தான் விழுந்து இறந்துபோகிறான். பூனை நெடுங்காலம் வாழ்ந்தது என்று ஹைனே முடிக்கிறார். நோயில் படுத்த படுக்கையாக இருந்தபோது வெளிவந்த 1851ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுதியிலும் அந்தப் பையனிடம் அவர் திரும்பி வருகிறார். ரைனின் பாறைமேல் அமர்ந்து தலைவாரும் லோரலைப் பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பாடல் உலகப் புகழ் பெற்றது. டுசெலில் மூழ்கிய பையனை எத்தனை பேர் நினைக்கிறோம்? லோரலை கற்பனை. வில்ஹெல்மை ஹைனேயால் கடைசிவரை மறக்க முடியவில்லை. சிற்றாற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதற்கு நிகரானதை நாம் கண்டதில்லை. அதில் வருணனை ஒரு வரிகூடக் கிடையாது. ஆறும், சுவரும், பலகையும், ஒரு குற்றவுணர்வும்தான். ஓவியர்கள் அந்தப் பள்ளத்தாக்கை இந்தக் கண்ணோடு பார்க்கவில்லை என்பதே நம் குறை.

2021 ஜூலையில் மேற்கு ஜெர்மனியில் பெருமழை பெய்தபோது டுசெல் கரைமீறியது. எர்க்ராத்திலும், டுசெல்டோர்ஃபின் கெரஸ்ஹைம், கிராஃபன்பெர்க் பகுதிகளிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த வாரத்தில் இது பெரிய செய்தியாகவில்லை. அதுவும் ஒரு துணையாறே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளம் வருமுன் ஆர் என்னும் பெயரை ஜெர்மனிக்கு வெளியே எத்தனை பேர் கேட்டிருப்பர்? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீர்ச்சட்டம் 2000இல் வந்தபின், நேர்கோடாக வெட்டப்பட்ட ஆறுகளுக்குப் பழைய வளைவுகளைத் திருப்பித்தரும் பணிகள் ஜெர்மனியெங்கும் நடைபெறுகின்றன. டுசெலின் சில பகுதிகளிலும் கரைக் கற்களைப் பெயர்த்து, அகலம் கொடுத்து, ஆற்றைத் தன் போக்கில் விடுகின்றனர். சுண்ணாம்புச் சுவர்களுக்கு அந்த வழி கிடையாது.

1901இல் ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தத்தில் 'தால்' என்னும் சொல்லிலிருந்த ஹகர எழுத்தை நீக்கிவிட்டார்கள். பள்ளத்தாக்கின் பெயரிலும் அது போயிற்று. அறிவியல் பெயரில் மட்டும், விதிப்படி மாற்றக்கூடாது என்பதால், அது நிலைத்திருக்கிறது. இன்னோர் இடத்திலும் இருக்கிறது: ஆற்றங்கரையிலுள்ள சிறிய இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில். வண்டி அங்கே நிற்கும்போது இறங்குவோர் நேரே அருங்காட்சியகத்தை நோக்கி நடப்பார்கள். வழியில் ஒரு சிறு நீரோட்டத்தைக் கடக்க வேண்டியிருக்கும்.